143 அடியும் ஆற்று மணலும்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் செய்தித்தாள்களில் அணைகளின் நீர்மட்டம் பற்றித் தினமும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. மற்ற பக்கங்களைப் புரட்டித் தள்ளுகிறவர்கள்கூட அதை விடமாட்டார்கள். டீக்கடையிலோ கல்யாணப் பந்தியிலோ "அணை எத்தன அடி அண்ணாச்சி?" என்று கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார். வயலை எல்லாம் விற்றுவிட்டு டவுனில் வீடு கட்டி ஒரு தலைமுறை ஆன குடும்பங்களில்கூட இந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கு அது பிடிக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற நினைப்பு ஒரு ஊருக்கு இருப்பது நல்லது. ஆனால் அந்த அடிக்கணக்கு நம் தண்ணீரில் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. மறுபாதி ஆற்று மணலுக்குள் இருக்கிறது, அது எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

முதலில் அடிக்கணக்கு. தாமிரபரணி ஆற்றின் குறுக்கே நிற்கும் பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. அப்போது அதில் நிற்கும் தண்ணீர் 5,500 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். சரி, அணையில் 71 அடி இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது சரியில்லை. மலைப் பள்ளத்தாக்கு அடியில் குறுகலாகவும் மேலே போகப்போக அகன்றும் இருக்கும். சரியான கூம்பைத் தலைகீழாக நிறுத்தினால், பாதி உயரத்தில் நிற்கும் தண்ணீர் எட்டில் ஒரு பங்குதான். எந்த அணையும் அப்படிச் சரியான கூம்பு இல்லை. ஆனாலும் பாதி அடியில் பாதித் தண்ணீர் எந்த மலை அணையிலும் கிடையாது. மேலே உள்ள பத்தடியில் நிற்கும் தண்ணீரும் கீழே உள்ள பத்தடியில் நிற்கும் தண்ணீரும் ஒன்றே அல்ல. 140-லிருந்து 130-க்கு இறங்க எடுக்கும் நாட்களைவிட 60-லிருந்து 50-க்கு இறங்க மிகக் குறைந்த நாட்களே போதும். கோடையில் "நேத்துதான் அறுபது சொன்னாங்க, அதுக்குள்ள குறைஞ்சிட்டே" என்று பதறுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி. சேர்வலாறுதான் பெரிய அணை போல என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். உண்மையில் சேர்வலாறின் கொள்ளளவு பாபநாசத்தில் கால்வாசிக்கும் குறைவு. இரண்டையும் மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது. அதனால் தண்ணீர் போதுமான மட்டத்தில் இருக்கும்போது இரண்டிலும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அளவு தொடங்கும் இடம்தான் வேறு. பெட்டிச் செய்தியைக் கவனித்துப் பாருங்கள்: பல நாட்களில் இரண்டுக்கும் பதின்மூன்று அடியை ஒட்டிய வித்தியாசம் இருக்கும். 156-லிருந்து 143-ஐக் கழித்தால் வருவதும் அதுதான். சேர்வலாறு 1986-ல் வந்தது. அதற்கு முன்பு அந்தக் கிளை ஆற்றின் வெள்ளம் பாபநாசம் பெரிய அணைக்குள் சேராமலேயே கீழே போய்க்கொண்டிருந்தது.

பாபநாசம் அணை வயலுக்காகக் கட்டியது என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வயல் அதனால் பிழைத்தது உண்மைதான். ஆனால் கட்டத் தூண்டியது மின்சாரம். சென்னை மாகாணத்தில் 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், அடுத்து 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. 1938-ல் பாபநாசம் வேலை ஆரம்பித்து 1942-ல் அணை எழும்பியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த நேரத்தில் முண்டந்துறைக் காட்டுக்குள் கல்லும் சுண்ணாம்பும் ஆளும் கொண்டுபோய் ஒரு அணையை முடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான். அந்த ஆற்றின் வீழ்ச்சியில் சக்தி இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி கம்பெனியார் பஞ்சாலை வைத்ததே தண்ணீரின் வேகத்தை நம்பித்தான்.

அது ஈர்ப்பு அணை வகை. தன் எடையாலேயே நிற்கிற கட்டு. தண்ணீர் ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். 143 அடி ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 43 டன். அதனால்தான் உச்சியில் ஒரு வண்டி போகும் அகலமே இருந்தாலும், அடியில் பல மடங்கு அகலமாகக் கட்டுகிறார்கள். தண்ணீர் அணையை முன்னால் தள்ளுவது மட்டும் ஆபத்தில்லை, அடியில் புகுந்து மேலே தூக்கவும் பார்க்கும். இரண்டையும் அந்தக் கல்லின் பாரமும் கீழே உள்ள பாறையும் சேர்ந்து தாங்குகின்றன. அணை இருக்கும் காரையாறு பக்கம் போகிறவர்கள் பாணதீர்த்த அருவியைப் பார்க்க அவசரப்படுவார்கள். அணையின் மேல் ஒரு நிமிடம் நின்று அந்தக் கட்டுமானத்தையும் பார்க்கவேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

பெரிய அணையிலிருந்து விடும் தண்ணீர் ஆற்றோடு இறங்கி, கீழணை என்று நாம் சொல்லும் சிறிய அணையில் தங்கும். அங்கிருந்து இரும்புக் குழாய்கள் வழியாக மலையடிவாரத்து மின் நிலையத்துக்குள் பாயும். 32 மெகாவாட். இன்றைய கணக்கில் சின்ன நிலையம்தான். ஆனால் சுழலியைச் சுற்றிவிட்டு வந்த தண்ணீரில் ஒரு சொட்டும் குறைவதில்லை. அதே தண்ணீர் பாபநாசம் கோயில் படித்துறையைத் தொட்டு, முதல் அணைக்கட்டுக்குப் போய்விடுகிறது. மின்வாரியத்துக்கும் விவசாயிக்கும் தண்ணீரின் அளவைவிட, எந்த மாதத்தில் திறப்பது என்பதில்தான் இழுபறி.

தாமிரபரணியின் உண்மையான பொறியியல் பாபநாசத்துக்குக் கீழே இருக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்தில் 1870-களில் முடிந்தது. மேலே உள்ள ஏழும் அதற்குப் பல தலைமுறைக்கு முந்தியவை. இவற்றிலிருந்து பதினொரு கால்கள், அதாவது வாய்க்கால்கள், பிரிந்து 86,000 ஏக்கருக்கு மேல் பாய்கின்றன. திருநெல்வேலி டவுனுக்குள் ஓடும் நெல்லைக் கால்வாய் சுத்தமல்லியிலிருந்து வருகிறது, பாளையங்கால் பழவூரிலிருந்து. பல பழைய கட்டுகள் ஆற்றுக்கு நேர் குறுக்கே நிற்கவில்லை. சாய்ந்தோ வளைந்தோ கிடக்கும், மருதூர் அணைக்கட்டு நன்றாக வளைந்தே கிடக்கிறது. சாய்த்துக் கட்டினால் கட்டின் நீளம் கூடும், அதன் மேல் வழியும் வெள்ளம் பரவி மெலியும். வெள்ளத்தைத் தடுக்க அவர்கள் முயலவேயில்லை. சாதாரண நாளில் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காலுக்குள் தள்ளுவது, வெள்ள நாளில் தலைமேல் போகவிடுவது. அவ்வளவுதான் வேலை.

கன்னடியன் காலுக்கு ஒரு கதை உண்டு. பொன்னோடு வந்த ஒரு கன்னடத்துக்காரரிடம், ஒரு பசு போகும் வழியிலேயே கால் வெட்டு என்று அகத்தியர் சொன்னாராம். அது கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் இதைச் சொல்லாத கிழவர்கள் கிடையாது. கதை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மேய்ச்சலுக்குப் போகும் பசு தேவையில்லாமல் மேடு ஏறாது, பள்ளத்திலும் இறங்காது. ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் போகும். பல மைல் தூரத்துக்கு மிகக் குறைந்த சரிவில் ஒரு காலைக் கொண்டுபோகிறவருக்கு வேண்டியதும் அந்தப் பாதைதான். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் அதைக் கண்ணால் கண்டுபிடித்த ஒருவரின் திறமையைத்தான் ஊர் இப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

என் தாய்மாமா இந்தக் கால்களில் ஒன்றில் லஸ்கராக இருந்தார். பொதுப்பணித்துறை லஸ்கர் என்றால் ஷட்டரைத் திறப்பவர், மூடுபவர், இரவில் கரையில் டார்ச் லைட்டோடு நடப்பவர். கூடவே திட்டு வாங்குபவரும் அவர்தான். லீவுக்குப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் விளையாட்டாக மதகில் கை வைத்தேன். "ஏல, தலைமடையில நீ ஒரு பலகைய ஒசத்துனா கடைமடையில ஒருத்தன் நாத்து காயும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். பின்னால் நான் படித்த எந்த நீர்ப்பங்கீட்டு அறிக்கையும் அதைவிடத் தெளிவாக இருந்ததில்லை.

அணை வருவதற்கு முன்பு ஆற்றில் என்ன ஓடுகிறதோ அதுதான் காலில் ஓடும். தென்மேற்குப் பருவத்தில் மலையில் மழை விழுந்து ஆறு நிறைந்தால் கார் பயிர், வடகிழக்கில் குளங்கள் பெருகினால் பிசானம். ஜூன் முதல் வாரம் மழை தாமதமானால் நாற்றங்கால் போனது போனதுதான். பாபநாசம் அணை புதிதாக ஒரு மழையையும் கொண்டுவரவில்லை. நவம்பரில் கடலுக்குப் போன தண்ணீரைப் பிடித்து, வேண்டிய வாரத்தில் கொடுத்தது. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தால், வரத்தே இல்லாவிட்டாலும், நிறைந்த அணை இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். அந்த இரண்டு மாதம்தான் ஜூன் மாத விவசாயிக்கு அணை தந்த வாழ்வு.

மணிமுத்தாறு வேறு மாதிரி. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958-ல் முடிந்தது. 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. பாபநாசத்துக்கு ஏறத்தாழச் சமம். ஆனால் இது குறுகிய மலையிடுக்கில் நிற்கவில்லை, அடிவாரத்துச் சமவெளியில் நீளமாகக் கிடக்கும் மண்கரை. மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு போன்ற இடங்கள் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் சில, அந்தப் பக்கத்துத் தண்ணீர் இதற்கு வரும். நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்களுக்குப் போகும் பெரிய கால்வாயை எல்லோரும் 80 அடிக் கால்வாய் என்பார்கள். அணையில் 80 அடிக்கு மேல் நீர் இருந்தால்தான் அதில் பாயும். 79 அடி இருக்கிறது என்றால் அணையில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் திசையன்விளைக்காரருக்கு அது சுழியம்.

இனி குடிதண்ணீர். டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று எங்கள் மாநகரத்தில் குழாயைத் திறந்தால் வருவது தாமிரபரணித் தண்ணீர். இது எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வருகிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் அணையிலிருந்து குழாய் போட்டிருப்பதாகவோ, ஆற்றில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதாகவோ நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. ஆற்றுக்குள் வட்டக் கோபுரம்போலக் கிணறுகள் நிற்பதைப் பாலத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து ஒரு நடைபாலம் அதற்குப் போகும். அவை உறைகிணறுகள். ஆற்று மணலுக்கு அடியில், கிணற்றைச் சுற்றிலும் துளையிட்ட குழாய்கள் கிடைமட்டமாக நீட்டப்பட்டிருக்கும். மேலே ஓடும் தண்ணீர் மணலுக்குள் மெதுவாக இறங்கி, மணலிலேயே வடிகட்டப்பட்டு, அந்தத் துளைகள் வழியாகக் கிணற்றுக்குள் சேரும். அதைத்தான் ஏற்றி, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். நகரத்துக்கு மட்டுமல்ல, சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்கும், வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்கும், இன்னும் விருதுநகர் மாவட்டம் வரைக்கும் இந்த ஆற்றுத் தண்ணீர் போகிறது.

அப்படியானால் நாம் குடிக்கும் தண்ணீர் கடைசியாகத் தங்கிவரும் நீர்த்தேக்கம் மணல்தான். அது எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆற்றில் ஒரு கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்துக்கு மணல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணலின் பருமனில் நாலில் ஒரு பங்கு தண்ணீரைத் திருப்பித் தரும் என்று எடுத்தால், 22 கோடி லிட்டருக்கு மேல் வருகிறது. நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு நெறிமுறை. ஐந்து லட்சம் பேருக்கு அது 6.75 கோடி லிட்டர். ஆற்றில் ஒரு சொட்டுகூட ஓடாத நிலையிலும், அந்த ஒரு கிலோமீட்டர் மணல் ஒரு மாநகரத்தை மூன்று நாள் தாங்கும். மணல் ஒரு மீட்டராகக் குறைந்துவிட்டால் ஒரே நாள். அதோடு வடிகட்டும் தூரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஊருக்கு ஊர் சாக்கடையை ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிற நிலையில் இது சின்ன விஷயமில்லை.

இந்த மணலைத்தான் பல ஆண்டுகள் லாரி லாரியாக அள்ளினார்கள். ஆற்றுக்குள்ளேயே பொக்லைன் இறங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். களிமண் தெரியும் அளவுக்குத் தோண்டிய இடங்கள் இருந்தன. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்த் தானே வாதாடினார். 2010-ல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வந்தது. எங்கள் மாவட்டத்தின் நீர் வரலாற்றில் பாபநாசம் அணை கட்டியதற்குச் சமமான ஒரு காரியம் அது என்று நான் சொல்வேன். மிகைப்படுத்தவில்லை. ஒருவர் மேல் தேக்கத்தைக் கட்டினார், இன்னொருவர் கீழ்த் தேக்கத்தைக் காப்பாற்றப் போராடினார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆற்று மணல் மலையிலிருந்து வருவது. பாறை தேய்ந்து, வெள்ளத்தில் உருண்டு, சமவெளியில் படிகிறது. 1942-க்குப் பிறகு பெரிய அணைக்கு மேலே பிறக்கும் மணல் அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. மணிமுத்தாறு வந்தபின் அந்தப் பக்கமும் அடைபட்டது. பச்சையாறு, சிற்றாறு போன்றவை கொஞ்சம் கொண்டுவருகின்றன. ஆனால் கொண்டாநகரத்திலும் குறுக்குத்துறையிலும் கிடக்கும் மணலில் பெரும்பகுதி, அணைக்கு முந்திய காலத்து வெள்ளங்கள் போட்டுவிட்டுப் போனது. தாத்தா குதிரில் சேர்த்துவைத்த நெல் மாதிரி. எடுத்துத் தின்றுவிட்டால் திரும்ப நிரப்ப ஆளில்லை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. அடுத்த கோடையில் மணல் நன்றாக இருந்த பகுதிக் கிணறுகள் சமாளித்தன, பள்ளம் விழுந்த பகுதிகளில் ஆற்றுக்குள் வாய்க்கால் வெட்டிக் கிணற்றுப் பக்கம் தண்ணீரைத் திருப்பவேண்டியிருந்தது. அதற்கு நேர்மாறானது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அணைகள் பிடிக்க முடியாத, அணைகளுக்குக் கீழே சமவெளியில் கொட்டிய மழையும் சேர்ந்து ஆற்றில் இறங்கியது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள்கூட இதுபோல் பார்த்ததில்லை என்றார்கள். ஜங்ஷன் பகுதி முங்கியது. அதற்கப்புறம் பல நாள் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றில் கரை தெரியாமல் தண்ணீர், வீட்டில் குடிக்க இல்லை. நீரேற்று நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்து, மின்சாரம் நின்று, பல இடங்களில் குழாய்களும் போயிருந்தன. பக்கத்து வீட்டு ஆச்சி ஓட்டின் கீழே அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்து எங்களுக்கும் கொடுத்தார்.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய் 2009-ல் தொடங்கி, நீண்ட இழுபறிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு வரை. கடலுக்குப் போகும் உபரியை வறண்ட நாட்டுக்குக் கொண்டுபோவது நியாயமான காரியம், நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். திசையன்விளைக் கிணறுகளின் உப்பைக் குடித்துப் பார்த்தவர்கள் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் உபரி என்று கணக்கிடும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழே ஓடும் வெள்ளம்தான் ஆற்றைக் கழுவுகிறது, மிச்சமிருக்கும் மணலைப் பரப்புகிறது, மணலுக்குள் தண்ணீரை இறக்குகிறது, ஆறு கடலில் சேரும் புன்னக்காயலில் கடல் நீர் உள்ளே ஏறாமல் பிடித்துத் தள்ளுகிறது. அந்தப் பங்கு உபரி ஆகாது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். ஒவ்வொரு உறைகிணற்றின் பக்கத்திலும் மணலின் ஆழத்தை வருடத்துக்கு இரண்டு முறை அளக்கவேண்டும். ஜனவரியில் வெள்ளம் வடிந்தபின் ஒரு முறை, மே மாதம் கார் தண்ணீர் திறப்பதற்கு முன் ஒரு முறை. கிணற்றுச் சுவரிலேயே அடிக்கோடு வரைந்துவிட்டால் மேல்மட்டம் தெரிந்துவிடும், ஒரு இரும்புக் கம்பியை இறக்கினால் அடியில் உள்ள களியோ பாறையோ தட்டுப்படும். இதற்குப் பெரிய செலவில்லை, வெளியூர் நிபுணர் வேண்டாம், நீரேற்று நிலையத்து ஆட்களே செய்துவிடுவார்கள். அந்த எண்ணை மாநகராட்சியும் குடிநீர் வடிகால் வாரியமும் வெளியில் சொன்னால் போதும். எங்கள் வார்டு கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தூத்துக்குடி, கோவில்பட்டிக்காரர்களும் தங்கள் ஊரில் கேட்கலாம், வல்லநாட்டு மணலும் சீவலப்பேரி மணலும் அவர்களுடைய குடிதண்ணீர்தான்.